பிரேமினி அக்காவும் ஞாயிற்றுக்கிழமை சைபரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள்; ஒரு காம்பரா ஒரு வீடு. எட்டாவது காம்பராவில் இருக்கும் பிரேமினி அக்கா சரி என்று சொன்னால்தான் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சாமான் பூமியில் இறங்கும் என்று முதலில் கேள்விப்பட்டபோது, பொய் என்றே நினைத்தேன். பொய் சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டு. நல்ல பொய்யைக் கேட்டால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன். இது அந்த மரியாதைக்குக்கூடத் தகுதியில்லாத பொய்யாகப் பட்டது. ஏனென்றால் அதே காம்பராவின் தகரத்தில் ஓட்டை. மழை வந்தால் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி உட்கார்ந்திருக்கும். சொந்தக் கூரையை ஒழுங்காகப் பார்க்க முடியாதவளிடம் எவன் வானத்தைக் கொடுப்பான்?

கொடுத்திருந்தார்கள்.

அக்கா கொட்டகலையில் படித்து, கெம்பஸ் போய், காற்றையும் மழையையும் பற்றியே நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதனால் அவள் வேலையை எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்ல முடியும். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, ஆள் இல்லாத குட்டி விண்கலம் ஒன்றை மேலே அனுப்புகிறது. அதற்குள் ஏதோ மருந்து தயாராகிறது. பிறகு அது பாரசூட்டைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு காய்ந்த ஏரியில் விழும். லொறியில் ஆட்கள் ஓடிப்போய், இரண்டு மணி நேரத்துக்குள் மருந்தை எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். தாமதித்தால் அத்தனையும் குப்பை. காற்று பலமாக அடித்தால் பாரசூட் கலத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடும். மழை பெய்திருந்தால் ஏரி களியாகிவிடும்; லொறி புதைந்துவிடும். காற்று எப்படி, தரை எப்படி என்று பார்த்து, இறக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் அக்காவின் வேலை. எல்லாம் எட்டாவது காம்பராவில் ஜன்னலோரம் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு. சிக்னல் அந்த ஜன்னலில்தான் வரும்.

லயத்து ஆட்களுக்கு இது பிடிபடவே இல்லை.

"புள்ள, நாளைக்கு மலையில மழ வருமா?" என்று கொழுந்துக்குப் போகிற பெண்கள் கேட்பார்கள்.

"தெரியலங்க. நான் ஆஸ்திரேலியாவுக்குத்தான் பாக்குறேன்."

"ஆமா, நம்ம வானத்த பாக்க நாதியில்ல, யாரு வூட்டு வானத்தயோ பாக்குதாம்."

ஒருநாள் நான் இராமையா பெரியப்பாவிடம், அக்காவின் சாமான் இன்றைக்கு வழி தவறி நம்ம பக்கம் விழப் போகிறது என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். மனிதர் ஓடிப்போய் லீக்ஸ் பாத்தியைத் தறப்பாள் விரிப்பால் மூடிவிட்டார். வானத்திலிருந்து இரும்பு விழுந்தால் தறப்பாள் தடுக்கும் என்று நினைத்தாரே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அக்கா என்னைத் திட்டவில்லை. "கிருஷா, பெரியப்பா பாத்தியில ஒரு செடி உடைஞ்சிருந்தாலும் நீதான் நட்டுக் குடுக்கணும்" என்றாள். இரண்டு செடி உடைந்திருந்தன. நட்டேன்.

அக்காவுக்கு முன்னாலேயே அந்த வீட்டில் வானிலைக்காரர் ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா முத்துலிங்கம் மாமா. தோட்டத்து ஆபீசில் பியூன். ஆபீசுக்கு முன்னால் வேலி போட்ட புல் சதுரத்தில் செம்புக் குழாய் ஒன்று நிற்கும். மேலே புனல், உள்ளே போத்தல். தினமும் காலை எட்டரைக்கு மாமா போத்தலில் சேர்ந்த மழையைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, முழங்காலிட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து அளப்பார். பிறகு புத்தகத்தில் எழுதுவார். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. கோயிலில் கும்பிடும்போதுகூட அவர் அவ்வளவு நேரம் முழங்காலிட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "எம்புள்ள வானத்துப் படிப்பு படிச்சதுக்கு இந்தப் போத்தல்தான் காரணம்" என்று கடையில் டீ குடிக்கிறவர்களிடம் சொல்வார். அக்காவும் மறுக்க மாட்டாள்.

இந்த வருஷம் மாசி மாதம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவுக்கு அந்தக் கம்பெனியில் ஆறு மாதத் தவணை. வேலை நிரந்தரமா, இல்லை போய்விடுமா என்று அந்த வாரம் தெரிந்துவிடும். அவளுடைய மேலதிகாரி ஹெலன் என்கிற வெள்ளைக்காரம்மா. ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் இறக்கத்தை அக்கா தனியாகப் பார்க்கட்டும், அதை வைத்து முடிவெடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அக்கா எல்லாம் சரி, இறக்கலாம் என்று சொல்லிவிட்டாள். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஒரு கடைசிக் கூட்டம். அங்கே அப்போது பின்னேரம் ஆகியிருக்கும். அதில் இன்னொரு தடவை சரி என்றால் முடிந்தது. அன்று இறக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு வியாழக்கிழமைதான். அதற்குள் மேலே மின்கலம் இளைத்துக்கொண்டே போகும்.

எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் நான் என் வேலையில் இருந்தேன். இரண்டு வாரமாகத் தோட்டத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு, ஆபீஸ் பூட்டிய பிறகு, வேலியைத் தாண்டிப் போய், முத்துலிங்கம் மாமாவின் செம்புக் குழாயில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை வானம் பொட்டலாகக் காய்ந்திருக்க, போத்தல் நிறைந்திருப்பதைப் பார்த்து மாமா மயங்கி விழ வேண்டும் என்பது என் திட்டம். விழ வேண்டாம், தடுமாறினால் போதும்.

ஞாயிறு காலை எட்டரைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எட்டே முக்காலுக்குப் பொறுக்க முடியாமல் எட்டாவது காம்பராவுக்கே போனேன். மாமா வாசலில் உட்கார்ந்து பால் இல்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே மழைப் புத்தகம். உள்ளே அக்கா கணினி முன்னால்.

"மாமா, இன்னைக்கு எவ்வளவு மழ?"

"மழயா? பைத்தியமாடி ஒனக்கு? ரெண்டு கெழமையா வானம் காஞ்சு கெடக்கு."

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"சைபர்."

"போயி பாத்தீங்களா?"

"ஞாயித்துக்கெழம எவன்டி போயி பாப்பான்? ஆளுக்குப் பேர் கூப்புடுற பெரட்டு இல்ல, ஆபீசு பூட்டு. நேத்தே சைபர போட்டுட்டேன். நாளைக்குக் காலையில சேத்து அளந்துக்குவேன். மழ எங்கயும் ஓடிப் போயிறாது, போத்தலுக்குள்ளதான கெடக்கும்."

 நான் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன். ஆனால் பத்தொன்பது வருஷம் முழங்காலிட்டு அளந்த மனிதர், மழை பெய்வதற்கு முன்னாலேயே அதற்குச் சைபர் போட்டு வைப்பார் என்று எனக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை.

"அப்ப நான் ஊத்துன ரெண்டு டம்ளரு?"

வாய் தவறி வந்துவிட்டது. மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன ஊத்துன? எதுல ஊத்துன?"

அவர் எழுவதற்குள் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"அப்பா, இப்ப சொன்னீங்களே, அத திருப்பிச் சொல்லுங்க."

"இவ தண்ணி ஊத்தியிருக்காளாம், அத கேளு மொதல்ல!"

"அது இல்லப்பா. பாக்காமலா சைபர் போடுறீங்க?"

"கட்டத்த வெறுசா வுட்டா டவுன் ஆபீசுல இருந்து தாளையே திருப்பி அனுப்புறானுங்க. எல்லாக் கட்டத்துலயும் ஏதாச்சும் இருக்கணுமாம். அதுக்குத்தான் சைபரு. மாசக் கடைசியில கூட்டிப் பாரு, ஒரு சொட்டு கொறஞ்சா என்னைய கேளு!"

 அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டை கடித்ததை மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம். சட்டென்று திரும்பி உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்த ஏரிக்குப் பக்கத்துல ஒரே ஒரு ஆட்டுப் பண்ணைதான் இருக்கு" என்றாள், என்னிடமா கணினியிடமா என்று தெரியாமல். "அந்தப் பண்ணைக்காரர்தான் மழைய கையால அளந்து அனுப்புறாரு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மேகம் போச்சு. அங்க பாதி மழ தரைக்கு வரமுன்னமே காத்துலயே காஞ்சு போயிரும். மேல இருந்து படம் பாத்தா மேகம் தெரியும், தரை நனைஞ்சிச்சா இல்லையான்னு தெரியாது. லொறி ஆளுங்க நான் சரின்னு சொன்னப்புறம்தான் ஏரிக்குக் கெளம்புவாங்க. அதுக்கு முன்னால அந்தாளு எழுதுற நம்பர் மட்டும்தான்."

"என்ன எழுதியிருக்காரு?"

"சனிக்கிழம சைபர். இன்னைக்கு சைபர்."

அந்தச் சைபரை நம்பித்தான் அவள் நேற்று சரி என்று சொன்னாள்.

அக்கா திரையில் எதையோ தட்டினாள். இரண்டு வருஷத்துச் சனி, ஞாயிறுகள் மட்டும் வரிசையாக வந்தன. சைபர், சைபர், சைபர். கீழே இழுக்க இழுக்கச் சைபர். பிறகு திங்கட்கிழமைகளை எடுத்தாள். பன்னிரண்டு. ஏழு. முப்பது.

"கிருஷா, ரெண்டு வருஷத்துல ஒரு சனி ஞாயிறு கூட மழ பெய்யல."

"அந்த ஊரு சாமிக்கும் சனி ஞாயிறு லீவாக்கா?"

பகிடிக்குத்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கே சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், நாங்கள் பார்த்தே இராத ஒரு ஆட்டுப் பண்ணையில், இன்னொரு முத்துலிங்கம் மாமா சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா பண்ணைக்குப் போன் எடுத்தாள். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். மறுபடி அடித்தது. மணி ஒன்பது இருபத்தைந்து.

"இப்ப என்னக்கா செய்வ?"

"சாட்சி இல்ல கிருஷா. நேத்து சரின்னு சொல்லிட்டு, இன்னைக்கு சாட்சி இல்லாம கூடாதுன்னா, நாளைக்கு எனக்கு வேல இல்ல." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.  "சரின்னு சொல்லி லொறி புதைஞ்சா, எத்தன பேரோட எத்தன வருஷ வேல."

கூட்டம் தொடங்கியது. திரையில் நாலு கட்டத்தில் நாலு முகம். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வாளியோடு வாளியாக உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பாரசூட்டுக்காரர், போகலாம். லொறிக்காரர், போகலாம். இந்த 'போகலாம்' என்ற வார்த்தை எனக்கும் தெரிந்த இங்கிலீஷ்தான். கடைசியில் வானிலை.

"கூடாது" என்றாள் அக்கா.

நாலு முகமும் படம் மாதிரி நின்றுவிட்டன. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஹெலன் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நேற்று சரி என்றாயே, இன்று என்ன மாறியது என்று கேட்டார். அந்தச் சைபரை நம்ப முடியாது என்றாள் அக்கா. அந்தச் சனி ஞாயிறு வரிசையைக் காட்டினாள்; அது மட்டும் போதாது, அளக்காமல் யார் எழுதுவார்கள் என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். வாசலில் முத்துலிங்கம் மாமா நின்றுகொண்டிருந்தார், மழைப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் எதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று.

சொன்னாள். என் அப்பா, பத்தொன்பது வருஷம், மழை, ஞாயிற்றுக்கிழமை, சைபர். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் அப்பா, ஞாயிறு, சைபர் என்ற மூன்று வார்த்தை தெரிந்தால் போதுமே. அவர் கக்கத்திலிருந்த புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். திருட்டுக் கொய்யாவோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி. நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

லொறிக்காரர் என்னவோ கேட்டார். அப்பா அளக்கவில்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அக்கா அடுத்த நொடி என் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லுடி."

நாலு வெள்ளை முகங்கள் என்னைப் பார்த்தன. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றுவலி வரும். அந்த வயிற்றுவலியின் கூலி அன்றைக்குத்தான் கிடைத்தது.

"யெஸ்டர்டே" என்றேன். "வாட்டர். டூ டம்ளர். மீ." பிறகு மாமாவின் பக்கம் கையைக் காட்டி, "புக்... சைபர்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று ஹெலன் அம்மா மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை.

"ஜோக்."

யாரும் சிரிக்கவில்லை. பாரசூட்டுக்காரர் மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா அதிர்ச்சியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வானிலை கூடாது என்றால் கூடாதுதான், அதை யாரும் மீற முடியாது, அதுதான் விதி என்று அக்கா பிறகு சொன்னாள். இறக்கத்தை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு ஹெலன் அம்மா கடைசியாக ஒன்று சொன்னார்: பிரேமினி, நாளைக்கு நாம் பேசுவோம். எந்தப் பாஷையில் சொன்னாலும் இதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

திரை அணைந்த பிறகு மாமா உள்ளே வந்தார்.

"வெள்ளக்காரங்க முன்னால எம்பேர சொல்லிட்ட."

"வேற வழி இல்லப்பா."

"பத்தொம்பது வருஷம்மா. பேய் மழையிலயும் போயி அளந்திருக்கேன்."

"தெரியும்ப்பா."

"ஒரு சொட்டு நான் திருடினதில்ல."

"திருடலப்பா. மாசத்துக்கு ஒங்க கூட்டல் சரி. ஆனா மேலருந்து வுழுறதுக்கு மாசம் தெரிய வேணாம், நாளுதான் தெரியணும்."

மாமா போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. அக்காவின் அம்மா சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் வீட்டுக்கு ஓடிவிட்டேன். என் விளையாட்டு ஒன்று பலிக்காமல் போயிருக்கலாமே என்று நான் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. பலித்ததா, பலிக்கவில்லையா என்றே தெரியவில்லை, அது வேறு.

திங்கட்கிழமை எட்டரைக்கு நான் வேலிக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். மாமா வந்தார். என்னைப் பார்க்கவில்லை என்பது போல நடந்துகொண்டார். போத்தலை எடுத்தார். தண்ணீரைக் குவளையில் ஊற்றினார். முழங்காலிட்டார். முப்பத்தொரு மில்லிமீட்டர். என் இரண்டு டம்ளர் அவ்வளவா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. ஒரு நல்ல அடைமழை. மாமா பேனாவை எடுத்து வெகுநேரம் யோசித்தார். எழுதிவிட்டு உள்ளே போனார். பிறகு அந்தப் பக்கத்தை ஆபீஸ் கிளாக்கரய்யா சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் காட்டினாராம். 31 என்று எழுதி, பக்கத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் அழகான கையெழுத்தில்: மழை அல்ல. கிருஷாந்தி.

பத்து மணிக்கு ஹெலன் அம்மா பேசினார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அக்கா "ம்" என்றாள், மறுபடி "ம்" என்றாள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. வேலை போய்விட்டது என்று நான் முடிவு செய்து, அவளுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"அப்பா எங்க?"

மாமா பத்து மணித் தேத்தண்ணிக்கு வந்திருந்தார். அக்கா போனை அவர் கையில் கொடுத்தாள். அதில் ஒரு படம். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்புச் சேறு. வானம் கீழே விழுந்து கிடப்பது போல நடுவில் தண்ணீர் மினுங்குகிறது. ஓரத்தில் ஒரு டிரக், சக்கரம் பாதி புதைந்து நிற்கிறது. பண்ணைக்காரருடைய டிரக். வெள்ளிக்கிழமை பின்னேரமே இரண்டு நாள் சைபரையும் அனுப்பிவிட்டு டவுனுக்குப் போனவர், ஞாயிறு பின்னேரம் திரும்பி வரும்போது ஏரிக்கரையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். நடந்தே வீட்டுக்குப் போய், திங்கள் காலை அளந்து அனுப்பியிருக்கிறார். இருபத்திரண்டு.

நேற்று இறக்கியிருந்தால் கலம் அந்தத் தண்ணீருக்குள். 

மாமா படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தாளும் ஞாயித்துக்கெழம பாக்கலயா?"

"பாக்கலப்பா."

"கட்டத்த வெறுசா வுட்டா அவனுக்கும் திருப்பி அனுப்புவாங்களோ?"

"தெரியலப்பா."

"பாவம்" என்றார் மாமா. போனைத் திருப்பிக் கொடுத்தார். "வேல என்ன ஆச்சு?"

"இன்னும் நாப்பத்திரண்டு எடத்துல இப்பிடிக் கையால அளக்குறாங்களாம். அத்தனையும் பாத்து, எந்த எடத்துல சனி ஞாயிறு சைபர்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. மாசக் கணக்கா ஆகும்."

"அப்ப போகலயா?"

"போகலப்பா."

 மாமா அடுப்படிக்குப் போய், நேற்றுக் காலைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத மகளுக்கு ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்துவிட்டு ஆபீசுக்கு நடந்தார்.

வியாழக்கிழமை அந்தச் சாமான் வேறொரு காய்ந்த இடத்தில் சுகமாக இறங்கியது. அன்று நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இருந்தும் இராமையா பெரியப்பா லீக்ஸ் பாத்தியைத் தறப்பாளால் மூடியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்தே லேசான தூறல். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள ஒரே ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு எட்டரைக்கு ஆபீஸ் பக்கம் போனேன். பெரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆபீஸ் கதவில் பூட்டு. வேலிக்கு உள்ளே, ஈரப் புல்லில், குடையைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடுப்பில் கட்டிய சாரத்தோடு முழங்காலிட்டு மாமா குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் திரும்பாமலே கேட்டார்.

"என்னடி கையில?"

"தண்ணி மாமா."

"எதுக்கு?"

"தாகம்."

இப்போது திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லை. அந்தக் குளிரில், தூறலில் நின்றுகொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரையும் அவர் கண் முன்னாலேயே கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.